பாகற்காய் வாரம்

தம்பி,

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்புதான் என்னைப் பேனா எடுக்க வைத்திருக்கிறது. "டாக்டர்கிட்ட போய் ரத்தம் குடுத்துப் பாருடா" என்று நான் சொன்னேன். "அப்பா, நீங்களா பேசுறீங்க? விசா மெடிக்கல் முடியுற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதன்னு சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். அறையில் மற்றவர்கள் படுத்தபடி என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லையடா, வெட்கம். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை நீ ஒரு எழுத்துப் பிசகாமல் எனக்கே திருப்பிச் சொன்னாய்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பல வருஷமாக இருக்கிறது. அது உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாதது, என் வலது காலில் இப்போது ஆறாத புண் இருக்கிறது என்பதும், இரண்டு வாரத்துக்கு முன்னால், இந்த வளைகுடா ஊருக்கு வந்து இருபது வருஷம் தாண்டிய பிறகு, முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் போய் என் பெயரைப் பதிந்துகொண்டேன் என்பதும். உனக்கும் சர்க்கரை வந்திருக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் வருகிற உன் விசா மெடிக்கலுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே நீ ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். கடிதம் இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் எழுதினால் நீ நம்ப மாட்டாய். உன்னை நம்ப விடாமல் செய்தவன் நான்தான். அதனால் மீதியையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் வந்த புதிதில், என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் பரமக்குடிக்காரர் ஒருவர் இருந்தார். ராமு அண்ணன் என்று கூப்பிடுவோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விசா புதுப்பிக்கிற மெடிக்கலுக்குக் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே பிடித்தார்கள், திரும்பி வந்து டூட்டிக்குப் போய்விட்டோம். சில நாள் கழித்து அவருக்கு மட்டும் 'அன்ஃபிட்' என்று வந்தது. நெஞ்சில் ஏதோ நிழல் தெரிந்ததாம். ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். அவர் பெட்டி கட்டும்போது, "உடம்புக்கு என்னண்ணே, ஊருக்குப் போய் நல்லா பாருங்க" என்று எங்களில் ஒருவன்கூடச் சொல்லவில்லை. அவர் எங்கே கோட்டை விட்டார் என்பதுதான் எங்கள் பேச்சு முழுக்க. பீடியால் வந்த வினை என்றான் ஒருவன். முந்தின நாள் பிரியாணி சாப்பிட்டிருக்கக் கூடாது என்றான் இன்னொருவன். அது என்ன நோய்க்கான சோதனை என்று எங்களில் யாருக்கும் தெரியாது, யாரும் யாரையும் கேட்கவும் இல்லை. உடம்பில் எது இருந்தாலும் மெடிக்கல் பிடித்துவிடும், பிடித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

அதற்கு அடுத்த லீவில்தான், அடிக்கடி தாகம் எடுக்கிறது என்று உன் அம்மா என்னை ஜெயங்கொண்டத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு நோயைப் பற்றிய கவலையே வரவில்லை. ராமு அண்ணன் பெட்டி கட்டியதுதான் கண்முன் நின்றது. திரும்பி வந்ததும் மெடிக்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சோற்றை நிறுத்தினேன். பால் இல்லாத சுலைமானி டீயில் சர்க்கரையையும் நிறுத்தினேன். நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பாகற்காய் வாங்கி, மெஸ்ஸில் மிக்ஸி இரவல் கேட்டு, அரைத்து, வடிகட்டாமல் குடித்தேன். குமட்டிக்கொண்டு வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ரிசல்ட் 'ஃபிட்' என்று வந்தது. அன்றைக்கு நான் பட்ட பெருமை இருக்கிறதே, உன் அம்மாவைப் பெண் பார்த்த பிறகு சரி என்று பதில் வந்தபோதுகூட அவ்வளவு பட்டிருக்க மாட்டேன்.

அடுத்த முறையும் அதே வைத்தியம், அதே ரிசல்ட். அப்புறம் அறையில் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். யாருக்கு மெடிக்கல் தேதி வந்தாலும், "மாஸ்டர், நாளைலேர்ந்து ஆரம்பிக்கலாமா?" என்று என் கட்டில் பக்கம் வந்து நிற்பான். அந்த ஏழு நாளுக்கு எங்கள் அறையில் பாகற்காய் வாரம் என்று பெயரே வந்துவிட்டது. பக்கத்து அறைக்காரன் பாட்டிலோடு வருவான். எனக்கு 'மெடிக்கல் மாஸ்டர்' என்று பட்டம். சைட்டில் நான், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் வேலைக்கு ஃபோர்மேன், என் கீழே அத்தனை பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் மனசுக்குள் இந்தப் பட்டம்தான் இனித்தது. ரிசல்ட் வந்த அன்று பாஸானவன் அறைக்கே ஜிலேபி வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முதல் ஜிலேபி மாஸ்டருக்கு. நான் ஒன்றோடு நிறுத்தியவனில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் அதிகம் கூசுகிறது. எங்கள் அறையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. ஊருக்கு ஒரேயடியாகப் போகிறவன், லீவில் போகிறவன், எல்லோரும் மிச்சமிருக்கும் மாத்திரைகளை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். தலைவலியா, வயிற்றுவலியா, அதில் கைவிட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வோம். ஊரிலிருந்து என் மாத்திரை வருவதற்குத் தாமதமானால் நானும் அதில் தேடுவேன். வெள்ளையாக, சின்னதாக இருந்தால் சர்க்கரை மாத்திரை என்பது என் கணக்கு. ஒரு தடவை ஒரு மாதத்துக்கு மேல் நான் விழுங்கியது யாரோ ஒருவருடைய பிரஷர் மாத்திரை. எழுந்தால் தலை சுற்றும். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் எது வந்தாலும் வெயில்மேல் பழியைப் போட்டுவிடலாம்.

ஊரில் உன் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று உனக்குத் தெரியும். எனக்குப் பதிலாக அவள் டாக்டரிடம் போவாள். போனில் என்னிடம் கேட்டு வைத்துக்கொண்டு, "அவருக்குக் கால் எரியுதாம், ராத்திரி எந்திரிக்கிறாராம்" என்று வரிசையில் நின்று சொல்வாள். "ஆளைக் கூட்டிட்டு வாம்மா. போன்ல இருக்கிற ஆளுக்கு நான் எங்கன்னு ஊசி போடுறது?" என்று அந்த டாக்டர் திட்டுவார். திட்டிவிட்டுப் பழைய மாத்திரையையே எழுதிக் கொடுப்பார். யாராவது லீவு முடிந்து வந்தால் முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் அது எனக்கு வந்து சேரும். போன லீவில் அவள் எனக்குத் தெரியாமல் எனக்காக டோக்கன் போட்டு வைத்திருந்தாள். புறப்படுங்கள் என்றதும் கத்திவிட்டேன். "லீவுல வந்தவனை நோயாளி ஆக்கப் பாக்குறியா? அங்க நாலு பேரு பாத்தா என்னன்னு நெனப்பாங்க?" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன். புடவையை மாற்றிக்கொண்டு, அந்த டோக்கனோடு தனியாகப் போய்விட்டு வந்தாள். நான் ஊரில், வீட்டுக்குள், ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிறேன், என் நோயைச் சொல்ல அவள் பஸ் ஏறிப் போகிறாள். திரும்பி வந்து மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு, "சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இதை எழுதும்போது என் முகத்தை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருக்கிறது.

இனி உன் விஷயம். நீ ஏ.சி. மெக்கானிக்காகத் தோஹா போனபோது உனக்கும் நான்தான் மாஸ்டர். வீடியோ காலில் பாகற்காயை எப்படி அரைப்பது என்று காட்டிக் கொடுத்தேன். உனக்கு அப்போது ஒரு நோயும் கிடையாது. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று குடிக்க வைத்தேன். நீ பாஸானதும், "எங்க வீட்டுல அப்பனும் மகனும் ரெண்டு பேரும் ஃபிட்" என்று இங்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். இது நடந்து நாளாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னாய்: "என்னன்னு தெரியலப்பா, எவ்வளவு தண்ணி குடிச்சாலும் நாக்கு வறளுது. ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கிறேன். பேண்ட் எல்லாம் லூசாகுது." நீ அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத் தெரிந்துவிட்டது தம்பி. கேட்ட அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு வந்ததும் அதே மூன்றுதான். தெரிந்தே நான் உன்னிடம் என்ன சொன்னேன்? "வெயிலுடா, எல்லாருக்கும் அப்படித்தான். மெடிக்கல் வருதுல்ல, அதுக்குள்ள எந்த டாக்டர்கிட்டயும் போய் மாட்டிக்காத. பாகற்காய் கிடைக்குதா அங்க?"

பெற்றவன் பேசுகிற பேச்சா இது? உன் விசாவைப் பற்றி யோசித்தேன், உன்னைப் பற்றி யோசிக்கவில்லை. உன் அம்மா பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள், பையனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் யார் பெண் தருவார்கள் என்றும் யோசித்தேன். எல்லாவற்றையும் யோசித்தேன், உன் உடம்பைத் தவிர.

கால் விஷயத்துக்கு வருகிறேன். ஷட்டரிங் வேலையில் ஆணி மிதிப்பது சகஜம், மிதித்தவன் கத்துவான், பக்கத்தில் இருப்பவன் பிடுங்கிப் போடுவான், அவ்வளவுதான். அன்றைக்கு டூட்டி முடிந்து கேம்ப்புக்கு வந்து ஷூவைக் கழற்றிவிட்டுக் குளிக்க நடந்தேன். என்னுடைய அறையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், தயாபரன், எங்கள் கம்பெனி ஆபீசில் டைம்கீப்பர். என்னைவிடச் சின்னவர், ஆனால் அதட்டுவதில் பெரியவர். அவர்தான் தரையைப் பார்த்துவிட்டு, "அண்ணை, நில்லுங்கோ! உங்கட காலடியெல்லாம் ரத்தமெல்லே!" என்று கத்தினார். குனிந்து பார்த்தால் டைல்ஸில் வரிசையாக என் கால் தடம், சிவப்பாக. ஷூவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. எப்போது மிதித்தேன் என்று எனக்குத் தெரியாது. எத்தனை மாடி ஏறி இறங்கினேன் என்றும் தெரியாது. "பாத்தீங்களா, நம்ம கால் எவ்வளவு உறுதின்னு?" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, பயந்துபோய் என் முகத்தையே பார்த்தார்.

அதற்கப்புறமும் நான் போகவில்லை. மஞ்சளைக் குழைத்துப் போட்டேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்து ஒரு கேப்ஸ்யூலை எடுத்துப் பிரித்துத் தூவினேன். சுண்டுவிரல் பக்கம் கறுத்து, அறையில் வாடை வர ஆரம்பித்தது. வியாழக்கிழமை தயாபரன் வந்து என் கட்டில் முன்னால் நின்றார். "அண்ணை, காயம் நாறுது. நாளைக்கு லீவுதானே, காலமை வெளிக்கிடுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். "மெடிக்கல் வருது தயா, அது முடியட்டும்" என்றேன். "உங்கட மெடிக்கலும் மண்ணாங்கட்டியும்! கால் இல்லாட்டி மெடிக்கலுக்கு என்னத்திலை நடந்து போவியள்?" என்றார். மறுநாள் காலையில் என்னைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போனார். அந்த கிளினிக் எங்கே இருக்கிறது தெரியுமா? நான் பாகற்காய் வாங்குகிற சூப்பர் மார்க்கெட்டுக்கு மேல் மாடியில். இத்தனை வருஷமாக அதற்குக் கீழே நின்றுதான் காய் பொறுக்கியிருக்கிறேன்.

கவுண்டரில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "ஃபைல் இருக்கா?" என்பதுதான். இங்கே அப்படித்தான், ஒரு தடவை போய்ப் பெயரைப் பதிந்துவிட்டால் ஃபைல் திறந்துவிடுவார்கள், அதற்கப்புறம் அந்த டாக்டருக்கு நம்மைத் தெரியும். இல்லை என்றேன். வேறு எங்காவது? இல்லை. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோளில் கிடந்த கைக்குழந்தைக்குக்கூட ஃபைல் இருந்தது. இன்சூரன்ஸ் கார்டைக் கேட்டாள். கம்பெனி வருஷா வருஷம் கொடுக்கிற கார்டுதான். கட்டில் ஸ்குரூ லூசானால் முடுக்குவதற்கு மட்டுமே அதை நான் எடுத்திருக்கிறேன், ஒரு மூலை வளைந்திருந்தது. அதைத் துடைத்து, விரலால் நிமிர்த்திக் கொடுத்தேன்.

டாக்டர் கேரளத்து அம்மா, என் தங்கை வயசு இருக்கும். நமக்குப் புரிகிற மாதிரி தமிழ் பேசுகிறார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் பையிலிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தேதி முடிஞ்ச மருந்தல்லே? யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். ஊர் டாக்டர் என்றேன். "அவர் உங்களைக் கடைசியா எப்போ பார்த்தார்?" என்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் நரம்பு மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தார். "பாதத்துல தொடும்போது தொடும்போது சொல்லணும், கேட்டோ?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரமாகிறதே என்று கண்ணைத் திறந்தால், அவர் முடித்துவிட்டு அந்த நரம்பைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதும் எனக்கு என்ன கவலை வந்தது என்று சொல்கிறேன், கேள். "மேடம், ஒரு உதவி. இதையெல்லாம் கம்பெனிக்கு எழுதிடாதீங்க, எனக்கு விசா மெடிக்கல் வருது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன? விசா மெடிக்கல்ல ஷுகர் பார்க்கவே மாட்டாங்கல்லோ. மத்தவங்களுக்குப் பரவுற நோய் இருக்கான்னுதான் பார்ப்பாங்க" என்றார். "அப்ப பாகற்காய்?" என்று கேட்டுவிட்டேன். "என்ன பாகற்காய்?" என்றார். சொன்னேன். மிக்ஸியில் அரைத்தது, மூக்கைப் பிடித்தது, அறைக்கு அறை யோசனை சொன்னது, மாஸ்டர் பட்டம், எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி, அந்த ஒரு வாரம் நல்லா இருந்தீங்க. பாக்கி ரெண்டு வருஷம்?" என்று கேட்டார்.

தேடவே தேடாத போலீசுக்குப் பயந்து இருபது வருஷம் ஒளிந்து திரிந்திருக்கிறேன் தம்பி. ராமு அண்ணனை அனுப்பியது நெஞ்சில் இருந்த காசநோய்க்காக என்று இப்போதுதான் புரிகிறது. என் சர்க்கரையை இந்த ஊரில் யாரும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதிலை மறைத்து மறைத்து, கேட்க வேண்டியவர்களிடம் போகாமல் இருந்துவிட்டேன். என்னோடு போயிருந்தால் முட்டாள்தனம் என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பேன். உனக்கும் சொல்லிக்கொடுத்தேனே, அதற்கு எப்படிச் சிரிப்பது?

அன்றைக்கே டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "வீட்டுல வேற யாருக்காவது உண்டா? பிள்ளைகளுக்கு?" நான், "இல்லை மேடம்" என்றேன். பட்டென்று வந்துவிட்டது. அத்தனை வெட்கப்பட்ட பிறகும் வாய் பழைய பழக்கத்தை விடவில்லை. அதற்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார், ஃபைலில் எழுதுகிறார். அந்த ஃபைலில் என்னைப் பற்றி இருப்பதெல்லாம் உண்மை, உன்னைப் பற்றிய அந்த ஒரு வரியைத் தவிர. பேண்ட் லூசாகுதுப்பா என்று நீ சொன்னது காதிலேயே நின்றது. போன வெள்ளிக்கிழமை கட்டு முடிந்து வாசல் வரை வந்தவன், செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் திரும்பிப் போனேன். "மேடம், அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். ஒரு பையன் இருக்கான், தோஹாவுல. அவனுக்கும் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன். என்னென்ன செய்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "நினைச்சா போதாது. வயசுப் பையன், மெலிஞ்சிட்டு வர்றான்னா தள்ளிப் போடவே கூடாது. இன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றார். கூப்பிட்டேன். நீ சிரித்தாய்.

இங்கே அறையிலும் நான் சொல்லிப் பார்த்தேன். விசா மெடிக்கலில் சர்க்கரையே பார்ப்பதில்லையாம் என்றேன். "கால்ல கட்டுப் போட்டதும் மாஸ்டர் கட்சி மாறிட்டாரு" என்று கிண்டல் செய்கிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் குப்பையில் கொட்டினேன், அதற்கு ஒரு பெரிய சண்டை. அடுத்த வாரம் மெடிக்கல் இருக்கிற ஒருவன் வழக்கம்போலப் பாகற்காய்ப் பையோடு வந்தான். "குடி, நல்லதுதான். ஆனா மேல மாடிக்கு ஏறிட்டு வந்து குடி" என்றேன். முறைத்துக்கொண்டு போனான். நேற்று பார்த்தால் மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருக்கிறான். கம்பெனியிலும் நானே சொல்லிவிட்டேன். டிக்கெட் வரவில்லை, ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். எல்லாக் கம்பெனியும் இப்படி இருக்கும் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது போதும். என் சுண்டுவிரல் தப்புமா என்று இன்னும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அது என் பாடு, நீ அதற்காகப் பதறி லீவு கேட்காதே.

உன் அம்மாவிடமும் நேற்று சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. "அப்ப இனிமே உங்களுக்குப் பதிலா நான் போக வேண்டியதில்லையா?" என்று கேட்டாள். உனக்குப் பெண் பார்க்கிறார்களே, அந்த விஷயத்தில் நான் உன்னிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். டாக்டர் என்ன சொன்னாலும் அந்தப் பெண்ணிடம் முதலில் சொல். வேண்டாம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நம் வீட்டில் இன்னொரு பெண்ணும் புருஷனுடைய நோயைச் சுமந்துகொண்டு வரிசையில் நிற்க வேண்டாம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். உன் கேம்ப்புக்குப் பக்கத்தில் ஹெல்த் சென்டர் இருக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஹெல்த் கார்டை எடுத்துக்கொண்டு போ. பெயரைப் பதி. போகிற அன்றைக்குப் பாகற்காய் குடிக்காதே, எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, இருக்கிற உடம்போடு போ. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்பார்கள். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து இல்லை என்று சொல்லிவிடாதே, உண்டு என்று சொல், புண் வரைக்கும் போய்விட்டது என்றும் சொல். இந்தக் கடிதத்தை உன் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டு. என் யோசனை உன் மூலமாக அங்கே எத்தனை பேரிடம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது, இதுவும் அதே வழியில் போகட்டும். அவர்கள் உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி. சிரித்துவிட்டுக் கிளம்பு.

தயாபரன் இதைப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பதிலில் 'நல்லா இருக்கேன்பா' என்று மட்டும் போடாதே. இருபது வருஷமாக ஒவ்வொரு போனிலும் உன் அம்மாவிடமும் உன்னிடமும் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையை நான் கெடுத்துவிட்டேன். அதை இனி நம் வீட்டில் யார் சொன்னாலும் எனக்குப் பயமாக இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வந்தது என்று அந்த எண்ணை மட்டும் அனுப்பு. எதுவாக இருந்தாலும் நான் திட்ட மாட்டேன், எனக்குத் திட்டுகிற யோக்கியதை இல்லை.

என்னுடையதை முதலில் நான் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு. உன் அம்மாவிடம்கூட இன்னும் இதைச் சொல்லவில்லை. இனி நீ சொல்.

அப்பா